ரிமோட் படகு மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிக்கும் வழி

வீட்டில் எல்லோரும் சேர்ந்து கட்டிய படகு குளத்தில் நின்றுபோனால் உடனே கை போகும் இடம் ஸ்க்ரூ டிரைவர். அதை ஓரமாக வையுங்கள். ஒரு ரிமோட் படகுக்குள் இருப்பது கொஞ்சம் பொருள்கள்தான்: பேட்டரி, ஸ்பீடு கன்ட்ரோலர், மோட்டார், மோட்டாரைப் புரொப்பல்லரோடு இணைக்கும் ஷாஃப்ட், சுக்கானைத் திருப்பும் சர்வோ, ரிமோட் சொல்வதைக் கேட்கும் ரிசீவர். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று நிதானமாகப் பார்த்தாலே பாதிப் பொருள்கள் மேல் இருந்த சந்தேகம் போய்விடும். மிச்சத்தைத்தான் திறக்க வேண்டும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது 60, 70 செ.மீ. நீளத்தில் ஒரு மோட்டார், ஒரு புரொப்பல்லர், ஒரு சுக்கான் உள்ள படகு. துறைமுக இழுவைப் படகு, மீன்பிடி விசைப்படகு, ரோந்துப் படகு எதுவாகவும் இருக்கலாம். பாய்ப்படகின் வியாதிகள் வேறு. அவற்றைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தேவையானவை ஒரு மல்டிமீட்டர், ஆலன் கீ செட், படகு மிதக்கும் அளவுக்குத் துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப். டப்பில் சரியாகாத கோளாறு ஏரியில் சரியாகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரி, புரொப்பல்லர், டிரிம் (ரிமோட்டில் நடுநிலையைக் கொஞ்சமாகத் திருத்தும் அமைப்பு) மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டுப் படகு ஓடினால் எது காரணம் என்று தெரியாது, அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும். என்ன மாற்றினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.

படகுக்குள் கை விடுபவர், பேட்டரி வயரைப் பிடுங்கிய பிறகுதான் கை விட வேண்டும். ரிமோட் இன்னொருவர் கையில் இருக்கும்போது புரொப்பல்லருக்குப் பக்கத்தில் விரல் இருக்கக் கூடாது. சின்னப் புரொப்பல்லர்தானே என்று நினைக்காதீர்கள், பித்தளை இதழ் தோலைக் கிழிக்கும்.

எதுவுமே அசையவில்லை

முதலில் வரிசை. ஆன் செய்யும்போது ரிமோட் முன்னால், படகு பின்னால். நிறுத்தும்போது படகு முன்னால், ரிமோட் பின்னால். இதை மாற்றிச் செய்துவிட்டுப் படகு செத்துவிட்டது என்று கவலைப்படுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, சுக்கான் அசைகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான படகுகளில் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் அளவில் மின்சாரம் தருவதே ஸ்பீடு கன்ட்ரோலர்தான். ஆகவே சுக்கான் அசைந்தால் பேட்டரி, கன்ட்ரோலரின் அந்தப் பகுதி, ரேடியோ, ரிசீவர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. சந்தேகம் மோட்டார் பக்கம். சுக்கானும் அசையவில்லை என்றால் சந்தேகம் மின்சாரத்தின் பக்கம்.

மின்சாரத்தின் பக்கம் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நன்றாகச் சார்ஜ் ஆனதும் 8 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் 8.4 காட்டும். எண் சரியாக இருந்தும் படகு செத்துக் கிடந்தால், பேட்டரியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக முன்னே நகர்ந்து அளந்துகொண்டே போங்கள்: கனெக்டருக்கு முன், பின், சுவிட்சுக்கு முன், பின். எண் எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. ஈரத்தில் கிடந்த சின்ன ஸ்லைடு சுவிட்ச் பச்சை பூத்துப் போவது சகஜம். ரிசீவரில் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது ரிமோட்டோடு ஜோடி சேரவில்லை என்று அர்த்தம். பைண்டிங் செய்ய வேண்டும். ரிசீவரில் செருகும் மூன்று வயர் பிளக்கைத் தலைகீழாகச் செருகியிருக்கிறோமா என்றும் பாருங்கள். கருப்பு அல்லது பழுப்பு வயர் எந்த ஓரம் என்பது ரிசீவர் மேலேயே குறித்திருக்கும்.

மோட்டார் பக்கம் என்றால், ரிமோட்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் டிரிம்மை நடுவில் வையுங்கள். ஆன் செய்யும்போது த்ராட்டில் நடுவில் இல்லாவிட்டால் கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக மோட்டாருக்கு மின்சாரமே விடாது. பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். டிரிம் சரி, கத்தலும் இல்லை, மோட்டாரும் இல்லை என்றால் மோட்டாரைத் தனியாகச் சோதியுங்கள். இரண்டு வயர் உள்ள பிரஷ் மோட்டாரைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, ஒரு நொடி நேராகப் பேட்டரியில் தொட்டுப் பார்க்கலாம். சுற்றினால் மோட்டார் நல்லது, கன்ட்ரோலர்தான் போயிருக்கிறது. மூன்று வயர் உள்ள பிரஷ்லெஸ் மோட்டாரை மட்டும் இப்படி நேராகப் பேட்டரியில் தொடவே கூடாது, வயரும் மோட்டாரும் வெந்துவிடும். அது சுற்றாமல் நடுங்கிக்கொண்டு கிரீச்சிட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒரு வயரின் சால்டரிங் விட்டிருக்கும்.

மோட்டார் சத்தம் கேட்கிறது, படகு போகவில்லை

மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் சேர்க்கும் கப்ளிங்கில் இருக்கும் குட்டி கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். வேறு காரணத்தைத் தேடும் முன் ஆலன் கீயால் அதை இறுக்குங்கள். மறுபடி மறுபடி தளர்ந்தால், ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டை அரத்தால் கொஞ்சம் தட்டையாக்கி, ஒரு துளி த்ரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) விட்டு இறுக்குங்கள். வழவழப்பான உருண்டை ஷாஃப்ட்டில் ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

கப்ளிங் சுற்றி, புரொப்பல்லர் மட்டும் நின்றால் பூட்டு நட் கழன்றிருக்கிறது. பின்னோக்கி ஓட்டும்போது புரொப்பல்லரே கழன்று குளத்தில் விழுவதும் இதனால்தான். எல்லாம் சுற்றியும் படகு பின்னால் போகிறது என்றால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றுகிறது. பிரஷ் மோட்டாரில் இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள். பிரஷ்லெஸ்ஸில் மூன்றில் ஏதாவது இரண்டை. மாற்ற வேண்டியது மோட்டார் வயரை மட்டும். பேட்டரி வயரை மாற்றிப் போட்டால் கன்ட்ரோலர் அந்த நொடியே புகையாகிவிடும்.

ஓடுகிறது, ஆனால் மெதுவாக; மோட்டார் தொட முடியாத சூடு; பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது

இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே வியாதியின் மூன்று முகங்கள். வீட்டில் கட்டிய படகுகளில் அதிகம் வருவதும் இதுதான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, புரொப்பல்லரை விரலால் சுண்டுங்கள். கொஞ்சம் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். ஒரு இடத்தில் இறுக்கம், அடுத்த இடத்தில் இளக்கம் என்று மாறி மாறி வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, இல்லையென்றால் மோட்டாரும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மறுபடி சுண்டுங்கள். இப்போது இளகிச் சுற்றினால் குற்றவாளி நேர்கோடுதான். யுனிவர்சல் கப்ளிங் போட்டிருக்கிறோமே, கோணல் இருந்தாலும் அது பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சின்னக் கோணலைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் பேட்டரியின் சக்தியைச் சத்தமாகவும் சூடாகவும் மாற்றும். கையைப் படகின் மேல் வைத்தாலே அதிர்வு தெரியும்.

சரிசெய்ய, மோட்டார் பீடத்தைத் தளர்த்தி, கப்ளிங்குக்குப் பதிலாக இரண்டு ஷாஃப்ட்டுகளையும் அசையாமல் பிடிக்கும் விறைப்பான ஒரு குழாய்த் துண்டைப் போடுங்கள். இப்போது மோட்டாருக்கு வேறு வழியில்லை, நேர்கோட்டில்தான் நிற்கும். அந்த நிலையிலேயே பீடத்தை அரால்டைட்டில் ஒட்டிக் காயவிட்டு, மறுநாள் குழாயை எடுத்துவிட்டுக் கப்ளிங்கைப் போடுங்கள். படகை முதன்முதலில் கட்டும்போதே இப்படிச் செய்துவிட்டால் இந்தப் பகுதியைப் படிக்கும் வேலையே இருக்காது.

நேர்கோடு சரியாக இருந்து, ஷாஃப்ட் குழாய்க்குள் மட்டும் இறுக்கம் என்றால் பழைய கிரீஸ் களியாகக் கெட்டிப்பட்டிருக்கும். ஷாஃப்ட்டை உருவி, துடைத்து, பைக் மெக்கானிக் கடையில் கிடைக்கும் லித்தியம் கிரீஸைப் புதிதாக வையுங்கள். பாசியும் நூலும் புரொப்பல்லருக்கும் குழாய்க்கும் நடுவில் சுற்றிக்கொள்வதும் உண்டு. வெளியே தெரியாது, புரொப்பல்லரைக் கழற்றினால்தான் தெரியும். நம் ஊர்க் குளங்களில் தலைமுடி, பிளாஸ்டிக் சாக்கு நார், தூண்டில் நரம்பு எல்லாம் கிடைக்கும்.

இவ்வளவும் சுத்தமாக இருந்தும் சூடு குறையவில்லை என்றால் புரொப்பல்லர் பெரிது. இங்கே கணக்கு கொஞ்சம் கொடூரமானது. அதே வேகத்தில் சுற்றினால், புரொப்பல்லர் கேட்கும் சக்தி அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 30 மி.மீ. போட்ட இடத்தில் 35 மி.மீ. போட்டால் மோட்டார் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். கண்ணுக்கு 5 மி.மீ. தான் வித்தியாசம். பெரிய புரொப்பல்லர் போட்டால் வேகம் கூடும் என்று போட்டுவிட்டு, வேகமும் கூடாமல் கன்ட்ரோலரைக் கருக்கியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். ஒரு அளவு சின்னதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பல படகுகள் அதில் வேகமாகவே போகும்.

நடுவில் நின்றுபோய், சற்று நேரம் கழித்துத் தானாக உயிர் வந்தால், கன்ட்ரோலர் சூட்டினாலோ பேட்டரி வோல்ட் குறைந்ததாலோ தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோலரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சூடு, குளிர்ந்திருந்தால் பேட்டரி. தண்ணீரால் குளிரூட்டும் வேகப் படகாக இருந்தால், பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று ஓடும்போதே கவனிக்கும் பொறுப்பைக் கரையில் நிற்கும் ஒருவருக்குக் கொடுங்கள். பீய்ச்சல் நின்றால் உடனே திரும்ப வேண்டும். புரொப்பல்லருக்குப் பின்னால் தண்ணீர் எடுக்கும் சின்னக் குழாய்க்குள் மணலோ பாசியோ அடைத்திருக்கும். வாயால் ஊதினாலே பெரும்பாலும் போய்விடும்.

படகுக்குள் தண்ணீர்

எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் எம்-சீல் அப்புவது நேர விரயம், எடையும் ஏறும். தண்ணீர் மூன்று வழியாகத்தான் வரும்: ஷாஃப்ட் குழாய் வழியாக, சுக்கான் தண்டின் வழியாக, படகு உடலின் இணைப்புகள் வழியாக. மேல்மூடி வழியாகத் தெறிப்பதை வேண்டுமானால் நான்காவதாக வையுங்கள்.

எலக்ட்ரானிக் சாமான்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். படகின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். படகுக்குள் இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றி, இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி வையுங்கள். உள்ளே வந்த வழியாகவே தண்ணீர் வெளியே போகும். பவுடரில் ஈரக்கோடு விழும் இடம்தான் ஓட்டை. பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது.

இணைப்பில் ஓட்டை என்றால் மணல் தாளால் தேய்த்து, அரால்டைட் வகை எப்பாக்ஸியை உள்பக்கமிருந்து பூசுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம். அது காய்ந்ததும் நொறுங்கும் தன்மை கொண்டது, படகு ஒரு முறை கரையில் இடித்தால் விரிசல் விடும். ஷாஃப்ட் குழாய் என்றால் கிரீஸ்தான் மருந்து. அதுதான் அங்கே தண்ணீரைத் தடுக்கும் அடைப்பும்கூட. குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி கட்டினால் படகு சும்மா மிதக்கும்போது தண்ணீர் ஏறாது. சுக்கான் தண்டுக்கும் இதே விதி.

ஓட்டையே தெரியவில்லை, ஆனாலும் உள்ளே சில துளிகள் இருக்கின்றன என்றால் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே முத்து முத்தாக நீர் இருந்தால் அது வியர்வை: வெயிலில் சூடான படகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டதால் வந்தது. துடைத்துவிட்டால் போதும். பின்னோக்கி வேகமாக ஓட்டினாலும் பின்பக்கத் தளம் வழியாகத் தண்ணீர் ஏறும். அதற்கு ஓட்டுகிறவரின் கையைத்தான் பழுதுபார்க்க வேண்டும்.

எந்தப் படகாக இருந்தாலும் முன்முனையிலும் பின்முனையிலும் தெர்மாகோல் துண்டுகளை அடைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் அளவு தெர்மாகோல் தண்ணீருக்குள் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் படகு அடியில் போகாது, மூக்கையாவது நீட்டிக்கொண்டு நிற்கும்.

சாய்கிறது, ஆடுகிறது

நின்ற நிலையிலேயே ஒரு பக்கம் சாய்ந்தால் பேட்டரி நடுவில் இல்லை. நகர்த்தி வைத்து, நகராதபடி வெல்க்ரோ போடுங்கள். திருப்பத்தில் மட்டும் பயமுறுத்துகிறது என்றால் டப்பில் மிதக்கவிட்டு விளிம்பை விரலால் அழுத்தி விடுங்கள். சட்டென்று நிமிர்ந்தால் நல்லது. யோசித்து யோசித்து நிமிர்ந்தால் மேலே எடை அதிகம். கப்பலின் மேற்கட்டுமானத்தை அழகாக வர வேண்டும் என்று பிளைவுட்டில் செய்திருப்பீர்கள். அதைச் சன்போர்டிலோ கெட்டி அட்டையிலோ செய்து வார்னிஷ் அடித்தால் போதும். பிறகு ஈயத்தையோ இரும்புத் துண்டுகளையோ படகின் அடித்தளத்தில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே ஒட்டுங்கள்.

எவ்வளவு எடை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 50-ல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் எடை 50 × 50 × 50, அதாவது 1,25,000-ல் ஒரு பங்கு. 500 டன் இழுவைக் கப்பலின் மாதிரி 4 கிலோ இருந்தால்தான் நிஜக் கப்பல் போல நீர்க்கோட்டில் உட்காரும். கட்டி முடித்த படகு 2 கிலோதான் இருக்கிறதே, லேசாக வந்துவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். மீதி 2 கிலோவை அடியில் போட்டே ஆக வேண்டும். இந்த வேலையில் என்சிசி கடற்படைப் பிரிவில் கப்பல் மாதிரி செய்து பழகியவர்கள் தெரிந்தவர்களில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் ஓட்டும் மெதுவான படகுக்கு நான் சிபாரிசு செய்வது 6 வோல்ட் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. கனமானது, மெதுவானது, பழைய பாணி. அந்தக் கனம்தான் படகுக்கு வேண்டிய அடிப்பாரம். லிப்போவைப் போலத் தீப்பிடிக்கும் பயமும் இல்லை.

நேராகப் போகவில்லை, திரும்பவும் இல்லை

மெல்ல ஒரு பக்கம் இழுத்தால் சுக்கான் டிரிம். டிரிம்மை ஓரம்வரை தள்ளியும் போதவில்லை என்றால் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, சர்வோவின் கைக்கும் சுக்கானுக்கும் நடுவில் உள்ள கம்பியின் நீளத்தை மாற்றுங்கள். ஒற்றைப் புரொப்பல்லர் படகு வேகமெடுக்கும்போது கொஞ்சம் ஒரு பக்கம் இழுப்பது அதன் சுபாவம். பின்னோக்கிப் போகும்போது சுக்கான் பேச்சைக் கேட்காததும் கோளாறு அல்ல. புரொப்பல்லரின் நீரோட்டம் அப்போது சுக்கான் மேல் படுவதில்லை.

திருப்பம் ரொம்பப் பெரிதாக இருந்தால் சுக்கானின் பரப்பைக் கூட்டுங்கள், அது புரொப்பல்லருக்கு நேர் பின்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோணத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. ஏறக்குறைய 35 டிகிரிக்கு மேல் சுக்கான் திருப்புவதைவிட பிரேக் போடுவதுதான் அதிகம்.

இடது வலது மாறுகிறது என்று பிள்ளைகள் சொன்னால், எப்போது மாறுகிறது என்று கேளுங்கள். எப்போதும் என்றால் ரிமோட்டில் ரிவர்ஸ் சுவிட்சைத் தட்டுங்கள். படகு நம்மை நோக்கி வரும்போது மட்டும் என்றால் படகில் குறையில்லை. முகத்தைப் படகின் பக்கம் வைத்துக்கொண்டு, உடம்பைப் படகு போகும் திசைக்குத் திருப்பி நின்று பழகினால் சீக்கிரம் பிடிபடும்.

சிக்னல் விடுகிறது, சர்வோ நடுங்குகிறது, படகு தன் இஷ்டத்துக்குப் போகிறது

1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா வானொலி அலையால் இயங்கும் படகை ஒரு தொட்டியில் ஓட்டிக் காட்டியபோது குறுக்கே பேச வேறு டிரான்ஸ்மிட்டர்கள் இல்லை. இன்று குளக்கரையில் நிற்கும் ஒவ்வொரு கைப்பேசியும் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் பயன்படுத்துவது நம் ரிமோட்டின் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைதான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர்களின் கைப்பேசி மேல் பழி போடாதீர்கள். இப்போதைய ரிமோட்கள் அந்த நெரிசலைச் சமாளிக்கும்படி செய்யப்பட்டவை. முதல் சந்தேகம் ஆன்டெனா மேல்தான் வர வேண்டும்.

இந்த அலை தண்ணீருக்குள் போகாது. ரிசீவரைப் படகின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால் கரையோரம் நன்றாக ஓடும், தூரம் போனதும் விடும். ஆன்டெனா வயரின் நுனியில் மேலுறை உரித்த 31 மி.மீ. இருக்கிறதே, அதுதான் கேட்கும் காது. அந்த நீளம் அலை நீளத்தில் கால் பங்கு. அதை வெட்டவோ மடக்கவோ கூடாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ராவில் நுழைத்து, மேற்கட்டுமானத்துக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். அலங்காரத்துக்கு உலோகத் தகடோ கார்பன் ஃபைபரோ ஒட்டியிருந்தால் அதற்குள் ஆன்டெனாவை ஒளித்து வைக்காதீர்கள். ரிமோட்டின் ஆன்டெனா நுனியைப் படகை நோக்கி நீட்டுவதும் தவறு. நுனியிலிருந்து அலை மிகக் குறைவாகவே போகும், பக்கவாட்டில்தான் நன்றாகப் போகும்.

சர்வோ சும்மா இருக்கும்போது அமைதியாகவும், மோட்டார் ஓடும்போது நடுக்கமாகவும் இருந்தால் பிரஷ் மோட்டாரின் தீப்பொறிதான் காரணம். மூன்று 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் 104 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒன்றை மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவிலும், மற்ற இரண்டை ஒவ்வொரு முனைக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் நடுவிலும் சால்டர் செய்யுங்கள். இரும்பு உடலை முதலில் அரத்தால் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும். மோட்டார் வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு, ரிசீவரை மோட்டாரிலிருந்து தள்ளி வையுங்கள்.

திடீரென்று ஒரு நொடி எல்லாம் செத்து மறுபடி உயிர் வந்தால் ரிசீவருக்குப் போகும் 5 வோல்ட் சரிந்திருக்கிறது. சுக்கான் எங்கோ இடித்துக்கொண்டு சர்வோ முக்கினாலும் இப்படி ஆகும். சுக்கானைக் கடைசிவரை திருப்பி, சர்வோவில் ‘ம்ம்ம்’ என்ற முனகல் வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். வந்தால் கம்பியைச் சர்வோ கையின் உள் துளைக்கு மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஃபெயில்சேஃப் சோதனை. டப்பில் படகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டி, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் ரிசீவரின் கையேட்டைப் பார்த்து, சிக்னல் போனால் த்ராட்டில் பூஜ்யம் என்று அமைத்துவிடுங்கள். குளிக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் இதைச் செய்யாத படகைத் தண்ணீரில் விடவே கூடாது.

பாய்ப்படகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை

சுக்கானை விட்டதும் முன்முனை காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டால் பாயின் இழுப்பு பின்னால் இருக்கிறது. பாய்மரத்தைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கட்டுங்கள். காற்றைவிட்டு விலகி ஓடினால் பின்னால் சாயுங்கள். மிக லேசாகக் காற்றை நோக்கித் திரும்பும் படகே நல்ல படகு. காற்றுக்குக் குறுக்கே திரும்பும்போது நடுவில் மாட்டிக்கொண்டு படபடத்தால், திரும்பும் முன் வேகம் எடுக்கவில்லை என்று அர்த்தம். பாயைத் தளர்த்தி, வேகம் வந்த பிறகு சுக்கானை மெல்லத் திருப்புங்கள்.

தூத்துக்குடித் தோணியை அப்படியே அளவு குறைத்துச் செய்தேன், முதல் காற்றிலேயே கவிழ்ந்தது என்பவர்களுக்கு: அளவைப் பாதியாக்கினால் காற்று சாய்க்கும் திருப்புவிசை எட்டில் ஒன்றாகக் குறையும், படகு நிமிரும் திருப்புவிசையோ பதினாறில் ஒன்றாகிவிடும். ஆக எவ்வளவு சிறிதாக்குகிறோமோ அவ்வளவு கவிழும். அடியில் கழற்றி மாட்டும்படி ஒரு துடுப்புப் பலகையும் அதன் நுனியில் ஈயக் குண்டும் வைத்தே ஆக வேண்டும். தண்ணீருக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. முதல் பாய்ப்படகாக 65 செ.மீ. நீளமும் 2,250 சதுர செ.மீ. பாயும் உச்ச வரம்பாக உள்ள ஆர்ஜி65 வகை நல்லது. பழைய குடைத்துணியில் பாய் தைத்துப் பார்க்க அது தோதான அளவு.

நடுக்குளத்தில் நின்றுவிட்டது

யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். ஏரிகளில் மண் எடுத்த பள்ளங்கள் மேலே தெரியாது, சேறு காலைப் பிடிக்கும், ஆகாயத்தாமரை உடம்பைச் சுற்றும்.

த்ராட்டிலை நடுவில் விட்டுவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். பேட்டரி இறங்கி நின்றிருந்தால் ஓய்வில் வோல்ட் கொஞ்சம் மீளும். கால் த்ராட்டிலில் மெல்ல வீடு வந்து சேரும். புரொப்பல்லரில் பாசி சுற்றியிருந்தால் சின்னத் தட்டலாகப் பின்னோக்கி ஓட்டினால் சில சமயம் உதறிவிடும். இரண்டும் நடக்கவில்லை என்றால் காற்றை நம்புங்கள். இதற்காகத்தான் ஓட்ட ஆரம்பிக்கும்போதே காற்று வந்து சேரும் கரையில் நிற்க வேண்டும். சென்னைப் பக்கம் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று அடிக்கும் நாளில் மேற்குக் கரையில் நின்றால், செத்த படகு தானாகக் காலடிக்கு வரும். காற்றே இல்லாத நாளுக்கு, தூண்டில் நரம்பில் கட்டிய டென்னிஸ் பந்து ஒன்று பையில் இருக்கட்டும். படகைத் தாண்டி வீசி மெல்ல இழுத்தால் நரம்பு படகில் சிக்கி வரும். மீன் குத்தகைக்கு விட்ட ஏரி என்றால் குத்தகைக்காரரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்; வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். பல நேரம் அவரிடம் பரிசலும் இருக்கும்.

மூழ்கி எடுத்த படகு, உப்பிய பேட்டரி

ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புத்தண்ணீர் என்றால் கன்ட்ரோலர், ரிசீவர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு தங்கினால் காய்ந்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும். மூடிகளைத் திறந்து ஃபேன் காற்றில் இரண்டு நாள் வையுங்கள், நேர் வெயிலில் வேண்டாம். பிரஷ் மோட்டாரின் இரண்டு முனை பேரிங்குகளிலும் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

லிப்போ தண்ணீரில் நனைந்திருந்தாலோ, தலையணை போல உப்பியிருந்தாலோ, செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலோ அதை மறுபடி சார்ஜில் போடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, எரியாத இடத்தில் ஒரு மண்சட்டியில் வைத்துவிட்டு, மின்கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள். நல்ல லிப்போவாக இருந்தாலும், எல்லா செல்லையும் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஓட்டாத மாதங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்காதீர்கள்.